தோட்டத்துத் துரையின் வம்சத்தைத் தேடிப் போனவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கோத்தகிரியிலிருந்து

எங்கள் கொள்ளுப்பாட்டி இலங்கையில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர்; அவர் மகளான எங்கள் பாட்டிக்குத் தகப்பன் அந்தத் தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரப் பெரியதுரை. இதற்கு மேல் இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் எங்கள் குடும்பம் நீலகிரிக்கு வந்து டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது. துரையின் பெயரைப் பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. "சண்டைக்குப் போனவர் திரும்பி வரவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பாட்டியின் வயதைப் பார்த்தால் அது 1914இல் தொடங்கிய யுத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

நானும் தம்பியும் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஆபீஸ் சுவரில், அங்கே இருந்த துரைமார்களின் பெயரும் ஆண்டும் வரிசையாக எழுதிய மரப்பலகை தொங்கியது. எங்கள் கணக்குக்கு ஒத்துவரும் ஆண்டுகளில் இரண்டு பெயர்கள் இருந்தன. தம்பி அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, சேமலாப நிதி விஷயமாக வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லி, "மேல் லயத்துக்காரி பேத்தியா நீ?" என்று கேட்டார். லயம் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை. அந்த மூதாட்டி எங்கள் கொள்ளுப்பாட்டியைப் பார்த்தவர் அல்லர். எல்லாம் தம் தாயார் சொல்லிக் கேட்டவை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை உறங்கவிடாமல் இருக்கிறது. "உங்க பாட்டிக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தானே, தெரியாதா? சப்பாத்து போட்டு, தொப்பி வச்சு, ஹட்டனுக்குக் கூட்டிப்போய்த் துரைதான் கோச்சி ஏத்தினாராம். தாய்க்காரி றோட்டு வரைக்கும் ஓடினாளாம்." கோச்சி என்றால் அங்கே ரயில். அவனுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். "துரை மகன்னுதான் சொல்லுவாங்க" என்றார். எங்கள் வீட்டில் இந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

இப்படித் தேடிப் போன இடத்தில் தேடாத ஒன்று எதிர்ப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கொழும்பிலிருந்து

சகோதரி, என் கதை சிறியது. என் தாய்வழிப் பாட்டனாரின் பாட்டனார் திம்புளையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் தோட்டங்களையும் துரைமார்களையும் பட்டியலிடும் பெர்குசன் டைரக்டரியின் பழைய தொகுதிகளை ஆண்டு வாரியாக வாங்கிப் பார்த்தேன். முதலில் அவர் பெயர் உரிமையாளர் என்ற கட்டத்தில் இருந்தது. 1869இல் இலைநோய் வந்து கோப்பி சரியத் தொடங்கிய பிறகு, அதே தோட்டத்துக்கு நேரே உரிமையாளர் கட்டத்தில் ஒரு கம்பெனியின் பெயரும் மேற்பார்வையாளர் கட்டத்தில் இவர் பெயரும் வந்தன. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி கதவடைத்தது 1884இல். அதற்கு அடுத்து வந்த தொகுதிகளில் இவர் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒரு மனிதர் தம் தோட்டத்திலேயே சம்பளக்காரர் ஆனதை அச்சில் பார்த்தது இன்னும் உறுத்துகிறது.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். பலகையில் இரண்டு பெயர்கள் கிடைத்திருப்பதே பெரிய கொடுப்பினை. முதலில் அந்த இருவரையும் பெர்குசன் டைரக்டரியில் சரிபாருங்கள். யார் எந்தத் தோட்டத்தில் பெரியதுரை, யார் அவருக்கு உதவியான சின்னதுரை, எந்த ஏஜென்சி அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் துரைமார்களைத் தேடுவோர் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் பதிவேடுகளைச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இலங்கை 1802 முதல் நேரடியாக முடியாட்சிக் குடியேற்றநாடாக இருந்ததால் அதன் கடிதப் போக்குவரத்து லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் குடியேற்ற அலுவலகத் தொகுப்பில்தான் இருக்கிறது.

"சண்டைக்குப் போனவர்" என்று பாட்டி சொன்னது நல்ல தடயம். சிலோன் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பிரிவு 1914இன் பிற்பகுதியில் எகிப்துக்குக் கப்பலேறியது. அதில் சாதாரணச் சிப்பாய்களாகப் போன பலர் பின்னர் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் அதிகாரிகளாக நியமனம் பெற்றார்கள். சாதாரணப் படைவீரர்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940இல் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோனது. பதக்க அட்டைகளும் அதிகாரிகளின் கோப்புகள் பலவும் தப்பின. அவர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில், பெற்றோரின் ஊருடன்கூட, பெயர் இருக்கக்கூடும். உயிரோடு திரும்பிப் பிரிட்டனில் இறந்திருந்தால், இங்கிலாந்தின் உயில் பட்டியல் 1858 முதல் ஆண்டு வாரியாக அச்சில் இருக்கிறது. அவர் ஸ்கொட்லாந்துக்காரர் என்றால் தேட வேண்டிய பதிவேடுகள் வேறு.

பையன் விஷயத்துக்கு ஒரே வழி கப்பல் பட்டியல்தான். பிரிட்டிஷ் துறைமுகங்களில் வந்திறங்கியவர்களின் பட்டியல்கள் 1878 முதல் 1960 வரை கியூவில் உள்ளன. இணையத்திலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கொழும்பில் ஏறிய ஒரு துரையின் பெயருக்குக் கீழே, மனைவி இல்லாமல், நான்கைந்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் அந்த இடத்தில் நின்று பாருங்கள். ஆனால் வசதியுள்ளவர்கள் மார்செய்யில் இறங்கி ரயிலில் போய்விடுவதும் உண்டு. அப்படிப் போனவர்கள் பட்டியலில் அகப்பட மாட்டார்கள்.

மஸ்கெலியாவிலிருந்து

கொழும்பு ஐயாவின் வழிகாட்டல் எல்லாம் பெயர் தெரிந்தவர்களுக்கானது. உரிமையாளர் பட்டியலில் பாட்டனார் பெயரைத் தேடக்கூடியவர்களுக்கும், பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரே இல்லாதவர்களுக்கும் ஒரே வழி என்று சொல்ல முடியாது.

எங்கள் தாத்தா ஒரு துரையின் மகன். அவருடைய பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்துப் பார்த்தபோது, தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் தோட்டத்துரைதான் அறிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் அதே துரை, முழுப் பெயரையும் எழுதி, தெளிவான கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு கட்டங்களுக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை. நான் நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்ததும் அதே பேனாவாக இருக்குமோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

இதன் பலனைத் தாத்தா 1948க்குப் பிறகுதான் அனுபவித்தார். அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும், தகப்பன் இங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தாத்தாவின் தகப்பன் பிறந்தது அபர்தீனுக்குப் பக்கத்தில் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர், "தகப்பனுடைய பிறப்புப் பத்திரம் எங்கே?" என்று கேட்டாராம். தாத்தா தம் சட்டைக் கையை மடித்து முழங்கையை மேசையில் வைத்துக் காட்டினார் என்று அப்பா சொல்வார். எழுத்தர் சிரித்தாரே தவிர விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, 2003ஆம் ஆண்டில் இந்திய வம்சாவளியினருக்காகக் கொண்டுவந்த சட்டத்தின் கீழ். தாயார் வழியில் நாங்கள் இந்திய வம்சாவளிதான், அதில் சண்டையில்லை.

மூணாற்றிலிருந்து

மஸ்கெலியா நண்பரின் கோபம் நியாயமானது. ஆனாலும் துரைமார் வீட்டுக் காகிதங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அம்மையார், கண்ணன் தேவன் மலையில் சின்னதுரையாக இருந்த தம் கொள்ளுப்பாட்டனாரின் கல்லறையைத் தேடினார். மூணாற்றுக்கு வருபவர்களை எல்லோரும் முதலில் கூட்டிப் போவது சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கு மேலே உள்ள மேட்டுக்குத்தான். ஆலயம் எழும்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1894இல் காலராவில் இறந்த எலனார் என்ற இளம்பெண்ணை அடக்கம் செய்த இடம் அது. ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட் என்ற துரையின் மனைவி. அம்மையார் தேடிய பெயர் அங்கே இல்லை. அவர் ஏமாற்றத்துடன் படியில் உட்கார்ந்து, அந்தக் கொள்ளுப்பாட்டனார் தம் தங்கைக்கு எழுதிய கடிதங்களின் படங்களைக் கைப்பேசியில் எங்களுக்குக் காட்டினார். நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஃபாக்டரித் தொழிலாளியான என் தகப்பனார்.

ஒரு கடிதத்தில், போடியிலிருந்து கொட்டகுடி வழியாக மலையேறி ஆள்களைக் கூட்டிவந்த ஒரு கங்காணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தது. குளிர்காய்ச்சலில் விழுந்த அவருக்குத் துரையே கொய்னா மருந்து கொடுத்தாராம். ஒரு கண்ணில் பூ விழுந்தவராம். ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே என்று ஊரின் பெயரையும் எழுதியிருந்தது. தகப்பனார் என் கையைப் பிடித்து, அந்த வரியை மறுபடியும் சொல்லச் சொன்னார். அது எங்கள் ஊர். கண்ணில் பூ விழுந்த கங்காணி எங்கள் பூட்டனார். அவர் மலைக்கு வந்த காலத்தைப் பற்றி எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த ஊர்ப் பெயர், அந்தக் கண், அந்தக் காய்ச்சல் எல்லாம் ஒரு வெள்ளைக்காரர் தம் தங்கைக்குப் பொழுதுபோகாமல் எழுதிய கடிதத்தில் இருந்தன.

பிரதி ஒன்று தரும்படி கேட்டோம். கடிதங்களைக் குடும்பத்தார் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப்போவதாகவும், அவர்களைக் கேட்டுச் சொல்வதாகவும் அம்மையார் சொல்லிப் போனார். நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு இதுவரை பதில் இல்லை. அன்றைக்கே கைப்பேசியிலிருந்து ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று தகப்பனார் இப்போதும் கேட்கிறார்.

சென்னையிலிருந்து

கோத்தகிரி அக்கா சொன்ன பையனை மேற்கு வங்காளத்துக் காலிம்பொங்கில் தேடிப் பார்க்கலாம். ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்ற பாதிரியார் 1900இல் தொடங்கிய இல்லம், தோட்டத்துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காகவே நடந்தது. 1908 முதல் 1938 வரை அங்கிருந்து 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இங்கே வந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு மரபணுப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். கொள்ளுப்பாட்டனாரிடமிருந்து வருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு இருந்தால், ஸ்கொட்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவுகளும் அதே பரிசோதனையைச் செய்திருந்தால் பட்டியலில் வரக்கூடும். உங்களைவிட ஒரு தலைமுறை மூத்தவர் வீட்டில் இருந்தால் அவருடைய உமிழ்நீரைக் கொடுப்பதே நல்லது; பங்கு இரட்டிப்பாகும். ஆண்வழிப் பரிசோதனை உங்களுக்கு உதவாது, ஏனென்றால் இடையில் பாட்டி இருக்கிறார்.

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். மிக மரியாதையாக, தம் குடும்ப மரத்தின் படத்தையே அனுப்பினார். அதில் எங்கள் துரைக்கு நேரே "மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை" என்று எழுதியிருந்தது. நான் பாட்டியின் படத்தை அனுப்பினேன். மறுநாள் பார்த்தபோது அவருடைய பக்கமே எனக்குத் திறக்கவில்லை. சொத்துக்காக வருகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். அக்கா, உங்கள் துரைக்குத் தோட்டத்தில் பங்கு இருந்ததா என்பதையும் விசாரித்து வையுங்கள்.

கொழும்பிலிருந்து

தம்பி, காலிம்பொங் இல்லத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் டார்ஜிலிங், டுவார்ஸ், அஸ்ஸாம் பகுதித் தோட்டங்களின் பிள்ளைகள். ஹட்டனில் ரயிலேறியவர் கொழும்புத் துறைமுகத்துக்கோ கொழும்பில் உள்ள ஒரு பள்ளிக்கோ போயிருப்பார் என்பதே இயல்பு. முதலில் அருகில் தேட வேண்டும். சொத்துப் பேச்சையும் விட்டுவிடுங்கள்: கம்பெனித் தோட்டங்கள் 1975இலேயே அரசுடைமையாகிவிட்டன, 1992க்குப் பிறகு பிராந்தியக் கம்பெனிகளிடம் வந்தது குத்தகையும் நிர்வாகமும்தான். எந்தத் துரையின் பேரனுக்கும் அங்கே ஒரு தேயிலைத் தூர்கூடக் கிடையாது.

கோத்தகிரியிலிருந்து

எழுதிய எல்லோருக்கும் நன்றி. சொத்து எங்களுக்கு வேண்டாம்; அதைச் சென்னைத் தம்பி கேட்டிருக்க வேண்டியதில்லை. மஸ்கெலியா நண்பர் எழுதியதைப் படித்த பிறகு பாட்டியின் பிறப்புப் பதிவை எடுக்க முடிவு செய்திருக்கிறோம். தகவல் கொடுத்தவர் கட்டத்தில் இருக்கும் கையெழுத்து, பலகையில் உள்ள இரண்டு பெயர்களில் ஒன்றோடு ஒத்துப்போனால், அதன் பிறகு கப்பல் பட்டியலுக்குப் பணம் கட்டலாம். மரபணுப் பரிசோதனைக்கு எங்கள் பெரியம்மா சம்மதித்துவிட்டார். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டதால் அதை மட்டும் தள்ளிப்போட முடியாது.

ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லீ ஆலயம் எங்கள் தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். பையனைச் சப்பாத்துப் போட்டுக் கூட்டிப்போன துரை, அதற்கு முன்பு அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பெயரும் வைத்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த ஆலயத்தின் 1905க்கும் 1914க்கும் இடைப்பட்ட ஞானஸ்நானப் பதிவேட்டை நேரில் பார்த்தவர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை எழுதினால் போதும்.