காசல்ரீ நீர்த்தேக்கக் கரைக் குப்பை யாருடையது? மேலே 11, கீழே 6

பீலிக்கரை (ஞாயிறு இரவு 8.20)

போன கிழமை ஹற்றன் கடைத்தெரு என்ற பெயரில் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அவர் எழுதியது இதுதான்: "காசல்ரீ கரையில் கிடப்பது முழுக்க லயத்துக் குப்பை. தோட்டத்து ஆட்கள் ஓடையில் கொட்டுகிறார்கள், பட்டணத்திலிருந்து நாங்கள் போய் அள்ள வேண்டியிருக்கிறது."

நான் அந்தக் கரையில் பிறந்தவள். இரண்டு வருடமாக எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆட்களும் பக்கத்துப் பிரிவு ஆட்களும் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு கரையைச் சுத்தம் செய்கிறோம். கூலி கிடையாது. அவரவர் வீட்டு ரொட்டியும் சம்பலும்தான். ஆறு நாள் கொழுந்து எடுத்த கை, ஏழாம் நாள் சேற்றில் இறங்குகிறது.

இந்தத் தடவை குப்பை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே ஒரு வேலை செய்தோம். எங்கள் ஓடையில் இரண்டு இடத்தில் மூங்கில் ஊன்றி, பழைய மீன்வலை கட்டினோம். ஒன்று லயத்துக்கு மேலே, மெயின் ரோட்டு மதகுக்குக் கீழே. மற்றது லயத்துக்குக் கீழே, ஓடை நீர்த்தேக்கத்தில் விழும் இடத்தில். இரண்டு கிழமை விட்டு இன்று அவிழ்த்தோம். மேல் வலையில் 11 உரச்சாக்கு நிறையக் குப்பை. கீழ் வலையில் 6.

மேல் வலையில் சோற்றுப் பார்சல் தாள், தண்ணீர்ப் போத்தல், சாமான் சுற்றி வந்த பொலித்தீன். ஒரு கறுப்புப் பையை அவிழ்த்தால் உள்ளே முழுவதும் மனிதர் முடி. நனைந்து, கட்டியாகி, நாற்றம் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப்பிள்ளை செத்த பூனை என்று நினைத்து அழுதுவிட்டாள். அது சலூன் கடை முடி. எங்கள் லயத்தில் யார் அண்ணே சலூன் வைத்திருக்கிறார்?

ஹற்றன் கடைத்தெரு (ஞாயிறு இரவு 9.05)

தங்கச்சி, வலை கட்டியது நீங்கள், அவிழ்த்தது நீங்கள், எண்ணியதும் நீங்கள். நீதவானும் நீங்களே. சரி, உங்கள் கணக்கையே எடுப்போம். மேல் வலை ரோட்டுக் குப்பையைப் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் கீழ் வலைக்கு 6 சாக்கு எங்கிருந்து வந்தது? இடையில் இருப்பது லயம் மட்டும்தானே? நான் சொன்னதை நீங்களே வலை போட்டுப் பிடித்துக் காட்டியிருக்கிறீர்கள். மிச்சம் நன்றி.

பீலிக்கரை (ஞாயிறு இரவு 9.12)

நீங்கள் எழுதிய வார்த்தை "முழுக்க". 17 சாக்கில் 6 எப்படி முழுக்க ஆகும்? மேலே 11, கீழே 6. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மூத்தவன் (ஞாயிறு இரவு 9.40)

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இப்போது சிவனொளிபாத மலை சீசன். மார்கழிப் போயாவில் தொடங்கினால் வெசாக் வரை பஸ் ஓயாது. ஹற்றனில் ரயில் இறங்கும் கூட்டம் நோர்வூட், மஸ்கெலியா வழியாகத்தான் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறது. காசல்ரீயைத் தாண்டும்போது ஒரு போத்தல், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைத் தாண்டும்போது ஒரு பார்சல், யன்னலால் பறக்கும். 2017 செப்டெம்பரில் சோறு கட்டும் லன்ச் ஷீட்டுக்குத் தடை என்றார்கள். தடை வந்தது, தாள் போகவில்லை. அந்த 11 சாக்கில் பாதி பயணிகளுடையது என்று நான் எழுதித் தருகிறேன்.

ஹற்றன் கடைத்தெரு (ஞாயிறு இரவு 9.52)

பார்த்தீர்களா, பெரியவரே சொல்லிவிட்டார். மேலே உள்ள 11ம் பயணிகளுடையது. பட்டணத்தின் தலையில் கட்டாதீர்கள்.

மஸ்கெலியா மூத்தவன் (ஞாயிறு இரவு 9.55)

நான் பாதி என்றுதான் சொன்னேன். மற்றப் பாதி உங்கள் தலையில்தான் இருக்கிறது.

பீலிக்கரை (ஞாயிறு இரவு 10.10)

மலைக்குப் போகிறவன் சலூன் முடியையும் பையில் கட்டிக்கொண்டா போகிறான்?

கீழ் வலையின் 6 சாக்குப் பற்றியும் சொல்கிறேன், நான் எதையும் மறைக்கவில்லை. அதில் எங்கள் குப்பையும் இருந்தது. பால்மா பக்கற், பிள்ளைகளின் பிஸ்கற் தாள், ஷம்பூ பக்கற். அந்தச் சின்னப் பக்கற்றை 2021 மார்ச் 31இலிருந்து தடை செய்தார்கள். கையால் தேய்த்துப் பார்த்தால் இன்னும் மினுமினுப்புப் போகாத புதுப் பக்கற். யார் விற்கிறார்கள் என்று கடைத்தெருவுக்குத் தெரியாதா?

எங்கள் ஆட்கள் ஏன் ஓடையில் போடுகிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய வழிவிடவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரைக்கும் முப்பது வருடம், ரோட்டில் போகிற குப்பை ட்ரக்டர் தோட்டத்து வாசலோடு திரும்பிவிடும். திருத்தத்துக்குப் பிறகும் எங்கள் லயத்துப் பாதையில் அது ஏறியதை நான் பார்த்ததில்லை. புதைக்கலாம் என்றால் நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் பாறை, முன்னால் தேயிலை. தேயிலைக்குள் குழி தோண்டினால் தோட்டத்துத் துரை விடுவாரா?

கொழும்பு மலையகத்தான் (ஞாயிறு இரவு 10.31)

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டால் நல்லது. தன்னார்வப் பணி என்று எதைச் சொல்கிறோம்? குப்பை அள்ளுவதா, வராமல் தடுப்பதா? நீர்த்தேக்கத்தின் எல்லை எது? தண்ணீர் நிற்கும் இடமா, அதற்குள் வடியும் மலை முழுவதுமா? இதை முதலில் முடிவு செய்தால்...

ஹற்றன் கடைத்தெரு (ஞாயிறு இரவு 10.33)

தம்பி, பாடசாலைக் கட்டுரையைப் பிறகு எழுதுங்கள். கீழே 6 சாக்கு வந்ததா, இல்லையா?

பீலிக்கரை (ஞாயிறு இரவு 10.34)

மேலே 11 வந்ததா, இல்லையா?

பச்சைத்தண்ணி (திங்கள் காலை 6.15)

நானும் நேற்று வலை அவிழ்த்த இடத்தில் நின்றேன். ஒரு விஷயம் அக்கா எழுதவில்லை. வியாழக்கிழமை இரவு பெரிய மழை. மேல் வலை குப்பையால் அடைத்து, தண்ணீர் அதற்கு மேலால் வழிந்து போனது. காலையில் தேயிலை வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போன அண்ணன்மார் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் கீழ் வலையில் ரோட்டுக் குப்பையும் சேர்ந்திருக்கும்.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் காலை 7.02)

நேற்று வலை பிடித்தது, இன்று வலைக்கு மேலால் வழிந்தது. நாளைக்கு வலையே கட்டவில்லை என்பீர்கள். ஆட்டத்தில் தோற்றால் கோல் கம்பத்தை நகர்த்துகிற வேலை.

பீலிக்கரை (திங்கள் காலை 7.20)

தம்பி சொன்னது உண்மை. நான் எழுதாமல் விட்டது, எங்கள் பக்கம் சாதகமாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக. வழிந்ததைச் சேர்த்தால் 6இலும் உங்கள் பங்கு இருக்கிறது. எனக்கு வேலைக்கு நேரமாகிறது, மாலையில் வருகிறேன். மேலே 11.

வடலி (திங்கள் மதியம் 12.48)

யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கிறேன். ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் கரை, கரை என்று எழுதுவது குளமே இல்லை, மின்சாரத்துக்கு மறித்த தண்ணீர். எங்கட பக்கம் ஊர் கூடித் தூர்வாருகிற குளங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கு. மலையகத்தில் அந்தப் பழக்கம் இல்லாதபடியால்தான் இந்தப் பிரச்சினை.

மஸ்கெலியா மூத்தவன் (திங்கள் மதியம் 1.30)

வடலித் தம்பி, உங்கள் குளத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் எங்களுக்குப் பழக்கம் இல்லை என்று சொல்லாதீர்கள். கண்டி வாவியை வெட்டுவித்தது 1807இல், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்க வம்சத்து அரசன். நுவரெலியாவில் கிரகரி வாவி 1873. இங்கேயும் தண்ணீரைத் தேக்கிக் காத்தவர்கள் இருந்தார்கள்.

மறித்த தண்ணீர் என்கிறீர்களே, அந்தத் தண்ணீருக்கு அடியில் என் ஊர் கிடக்கிறது. மவுசாக்கலை கட்டியபோது பழைய மஸ்கெலியா பட்டணமே முழுகியது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும். என் அப்பா ஒவ்வொரு தடவையும் போய் அந்தச் சேற்றில் நின்று கும்பிட்டுவிட்டு வருவார். செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார், சேற்றில் கோயில் வாசல் எது என்று அவருக்குத் தெரியும். போன தடவை நான் போனபோது அந்த வாசல்படியில் சோடாப் போத்தல். இதைப் போய் குளமா இல்லையா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

வடலி (திங்கள் மதியம் 1.41)

ஐயா, மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் நீர்த்தேக்கம் நீர்த்தேக்கம்தான்.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் மதியம் 2.15)

வடலி சொல்வது சரி. அது மின்சார சபையின் தண்ணீர். அவர்களே சுத்தம் செய்யட்டும். யாருடைய சொத்துக்கோ இவர்கள் மண்வெட்டி தூக்குகிறார்கள். மண்வெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடச் சிரமதானத்துக்கு என் கடையிலிருந்து இரண்டு மண்வெட்டி கொண்டுபோனீர்கள். திரும்பி வந்தது ஒன்று.

பீலிக்கரை (திங்கள் மாலை 6.40)

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூட இதே நினைப்பு.

மின்சார சபைத் தண்ணீரா? 1965இல் காசல்ரீயை மறித்தார்கள். அந்தத் தண்ணீர் மலைக்குள் சுரங்கத்தால் போய் விமலசுரேந்திர நிலையத்தில் 50 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. அணை என் வீட்டு வாசலிலிருந்து தெரியும். ஆனால் எங்கள் லயத்துக்கு லைட் வந்தது எனக்கு 9 வயதில். அதுவரை அம்மா குப்பி லாம்பில்தான் ரொட்டி தட்டினார். மின்சாரத்துக்கு நாங்கள் உரிமை பேச வரவில்லை, சுத்தம் செய்ய மட்டும் வருகிறோம், அதையும் ஏன் என்று கேட்கிறீர்கள்.

தண்ணீர் அங்கேயே நிற்கவும் இல்லை. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. அதைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. கொழும்பு மலையகத்தான் தம்பியின் கோப்பையிலும் எங்கள் ஓடை இருக்கிறது.

மண்வெட்டிக்கு வருவோம். இரண்டும் திரும்பி வந்தது. ஒன்றின் பிடி உடைந்தது, கொய்யாக்கட்டையில் புதுப் பிடி போட்டு உங்கள் கடைப் பையனிடம் கொடுத்தேன். உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் மாலை 6.58)

கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். ஒன்று.

பச்சைத்தண்ணி (திங்கள் மாலை 7.10)

குப்பையை விடப் பெரியது சேறு. பொகவந்தலாவைப் பக்கம் கெசல்கமு ஓயாவில் களவாக மாணிக்கக்கல் தோண்டுகிறார்கள். மழை இல்லாத நாளிலும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. அந்த மண் எல்லாம் காசல்ரீயில்தான் படிகிறது. சாக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது, சேற்றை எந்தச் சாக்கில் அள்ளுவது? இதற்கு ஏதாவது செய்யலாமே.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் மாலை 7.14)

மாணிக்கம் தோண்டுகிறவனும் பட்டணத்துக்காரன் என்று சொல்லாதவரை சந்தோஷம். 6 சாக்கு.

கொழும்பு மலையகத்தான் (திங்கள் மாலை 7.30)

பச்சைத்தண்ணி சொல்வதுதான் முக்கியம். அதோடு, அள்ளிய குப்பையைத் தண்ணீர் விளிம்பில் குவித்து வைக்காதீர்கள். இப்போது மட்டம் இறங்கியிருக்கிறது. தென்மேற்கு மழை தொடங்கினால் தண்ணீர் ஏறி, குவித்ததையெல்லாம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பீலிக்கரை (திங்கள் மாலை 7.36)

தம்பி, அது எங்களுக்குத் தெரியும். முதல் வருடம் அப்படித்தான் 20 சாக்கு பறிகொடுத்தோம். மட்டம் ஏறிய அடுத்த நாள் நாங்கள் கட்டிய அதே சாக்குகள் நடுத்தண்ணீரில் மிதந்தன, வாயைக் கட்டிய சிவப்புக் கயிறு கரையிலிருந்தே தெரிந்தது. அதிலிருந்து ரோட்டுக்குத் தூக்கித்தான் வைக்கிறோம். ஈரச் சாக்கை முதுகில் போட்டு அந்த ஏற்றம் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். கொழுந்துக் கூடை ஏற்றிப் பழகிய பெண்கள் இருப்பதால் ஏறுகிறது. இந்த 17 சாக்கும் இப்போது ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. ட்ரக்டர் வரவில்லை. மழை வந்தால் திரும்ப மதகுக்குள் போய்விடும், பிறகு நான் அதே முடியைத் திரும்ப அள்ள வேண்டும்.

கடைத்தெரு அண்ணன், உங்களிடம் லொறி இருக்கிறது. 17 சாக்கையும் ஏற்றிக்கொண்டு போங்கள், அப்புறம் யாருடைய குப்பை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் மாலை 7.50)

6 சாக்கு உங்களுடையது என்று எழுதித் தந்தால் லொறி அனுப்புகிறேன்.

பீலிக்கரை (திங்கள் மாலை 7.51)

11 சாக்கு உங்களுடையது என்று நீங்கள் முதலில் எழுதுங்கள்.

மஸ்கெலியா மூத்தவன் (திங்கள் மாலை 8.05)

அதில் பாதி பயணிகளுடையது.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் இரவு 8.20)

மண்வெட்டியும் வரட்டும். இரண்டு.

பீலிக்கரை (திங்கள் இரவு 8.32)

ஒன்றுதான் வந்தது என்றால் கொய்யாக்கட்டைப் பிடி போட்ட மண்வெட்டி உங்கள் கடை மூலையில் எப்படி நிற்கிறது? சனிக்கிழமை சீனி வாங்க வந்தபோது என் கண்ணால் பார்த்தேன். வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு மேல் வலையைத் திரும்பக் கட்டுகிறோம், இந்தத் தடவை வழியாமல் இரட்டை வலை. வந்து நின்று நீங்களே எண்ணுங்கள்.

ஹற்றன் கடைத்தெரு (திங்கள் இரவு 8.40)

ஞாயிறு கடை திறந்திருக்கும். எனக்கு வர நேரமில்லை.