தானியங்கி ரீபூட்டில் போஸ்ட்கிரெஸ் முறையாக நிற்க வேண்டுமா?

இராக்காவல்:
அப்டேட் முடிந்ததும் எங்கள் சர்வர் தானாகவே ரீபூட் ஆகிறது. ஒவ்வொரு முறையும், தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் (எங்கள் தரவுத்தள மென்பொருள்) லாகில் பதிவாகிறது. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

வட்டுப்பித்தன்:
வேண்டியதில்லை. திடீரென்று மின்சாரம் போனாலும் கமிட் ஆன தரவு தொலையக்கூடாது என்பதற்காகத்தானே டபிள்யூ.ஏ.எல். (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு) இருக்கிறது? எஃப்சிங்கை (தரவு வட்டில் பதியும்வரை காத்திருக்கும் அமைப்பை) அணைக்காதவரை, எழுதாததை எழுதிவிட்டதாக வட்டு பொய் சொல்லாதவரை, எல்லாம் சரியாகவே எழுந்து நிற்கும்.

நிலைகாண்:
கமிட் ஆன தரவு தப்பிவிடும்; அன்லாக்டு அட்டவணைகள் (டபிள்யூ.ஏ.எல்.லில் பதியப்படாதவை) தப்பாது, மீட்பின்போது அவை முழுவதும் காலியாக்கப்படும். ஆட்டோவேக்குவம் (பழைய வரிசைகளைத் தானாகத் துப்புரவு செய்யும் பணி) நம்பியிருக்கும் புள்ளிவிவரக் கணக்குகளும் அழிந்துவிடும். சேவையை எப்படித் தொடங்கி நிறுத்துவது என்று சிஸ்டம்டிக்கு (லினக்ஸின் சேவை மேலாளர்) சொல்லும் யூனிட் கோப்பில் என்ன இருக்கிறது?

இராக்காவல்:
நாங்களே எழுதிய கோப்பு அது. கில்மோட் மிக்ஸ்டு என்றிருக்கிறது; கில்சிக்னல் (எந்தச் சைகையால் நிறுத்துவது), டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது) வரிகள் இல்லை.

நிலைகாண்:
கோளாறு அங்கேதான். சிஸ்டம்டி முதன்மைப் புராசஸுக்கு மட்டும் சிக்டெர்ம் (நிறுத்தச் சொல்லும் இயல்பான சைகை) அனுப்ப, போஸ்ட்கிரெஸ் அதை 'ஸ்மார்ட்' நிறுத்தமாக எடுத்துக்கொண்டு, இணைந்திருப்பவர்கள் எல்லாரும் தாமாக வெளியேறும்வரை காத்திருக்கிறது. கனெக்‌ஷன் பூல் (செயலி திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) என்றைக்குத் தானாக வெளியேறியிருக்கிறது? டைம்அவுட் வரி இல்லாததால், இயல்பான 90 விநாடி கழிந்ததும் சிக்கில் (உடனே கொல்லும் சைகை) விழுகிறது. கில்சிக்னலில் சிக்இன்ட் என்ற வேறொரு சைகையை எழுதினால் 'ஃபாஸ்ட்' நிறுத்தம் நடக்கும்: பாதியில் நிற்கும் பரிவர்த்தனைகளை ரோல்பேக் (ரத்து) செய்து, இணைப்புகளைத் துண்டித்து, செக்பாயின்ட் எழுதிவிட்டு (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் சேர்த்துவிட்டு) நிற்கும். டைம்அவுட்டையும் இன்ஃபினிட்டி (வரம்பற்றது) ஆக்கிவிடுங்கள்.

வட்டுப்பித்தன்:
அன்லாக்டு அட்டவணையை மறந்தது என் பிழை. ஆனால் இன்ஃபினிட்டியை ஏற்கமாட்டேன். மெதுவான வட்டில் செக்பாயின்ட் சிக்கிக்கொண்டால், எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) ஏற்கெனவே நின்றுபோன சர்வர் ரீபூட்டும் ஆகாமல், நம்மை உள்ளேயும் விடாமல் தொங்கும். அப்படி ஓர் இரவைக் கழித்தவன் நான்.

நிலைகாண்:
நியாயமான அச்சம். அப்படியானால் காத்திருப்பை ரீபூட்டுக்கு முன்னரே வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் முதலில் செக்பாயின்ட் கட்டளையைத் தந்து, பிறகு சேவையை நிறுத்தி, பிஜி_கன்ட்ரோல்டேட்டா (தரவுத்தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) காட்டும் நிலை 'ஷட் டவுன்' என்றிருந்தால் மட்டும் ரீபூட்டை அழைக்கட்டும். 'இன் புரொடக்‌ஷன்' போல வேறு எதுவாக இருந்தாலும், சேவையை மீண்டும் எழுப்பி எச்சரிக்கை அனுப்பட்டும். சர்வர் அப்போதும் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

வட்டுப்பித்தன்:
டைம்அவுட்டுக்கு 10 நிமிட வரம்பு வைத்தால் சம்மதம்.

இராக்காவல்:
கில்சிக்னல் வரியைச் சேர்த்து ரீபூட் செய்தேன். சேவை 4 விநாடியில் நின்றது, மீட்பு வரியும் வரவில்லை. ஆனால் இணைப்பு அறுந்ததாக வெப் செயலி பிழைகளைக் கொட்டியிருக்கிறது. செயலியின் யூனிட்டில் ஆஃப்டர் (எதற்குப் பின் தொடங்குவது) வரியில் போஸ்ட்கிரெஸைச் சேர்த்தால், நிற்கும்போது வரிசை தலைகீழாகிச் செயலிதான் முதலில் நிற்கும் அல்லவா?

நிலைகாண்:
ஆம், அதையும் சேர்த்துவிடுங்கள்.