சமணச் சம்பந்தி வீட்டார் முதன்முறையாக விருந்துக்கு வருகிறார்கள்: எதைச் சமைப்பது?

பெரம்பூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன், தன்னோடு பணிபுரியும் பெண்ணை மணந்துகொள்ள விரும்புகிறான். பெண் வீட்டார் இராஜஸ்தானிலிருந்து வந்து மூன்று தலைமுறைகளாகச் சௌகார்பேட்டையில் வாழும் சுவேதாம்பரச் சமணர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை பெண்ணின் பெற்றோரும் பாட்டியும் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாட்களாவது மீனோ கறியோ இருக்கும். இது புரட்டாசி என்பதால் மாதம் பிறப்பதற்கு முன்பே வீட்டைக் கழுவிவிட்டோம். கவிச்சி உள்ளே வரவில்லை. ஆகையால் நல்ல நேரத்தில்தான் வருகிறார்கள் என்று முதலில் நிம்மதியாக இருந்தேன்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, இட்லி, பூரி, உருளைக்கிழங்கு மசால், வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சாம்பார், தயிர்வடை, கேரட் அல்வா என்று எழுதி மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று அவனுக்கும் முழுமையாகத் தெரியவில்லை. பெண்ணிடம் கேட்டால், "எங்கள் வீட்டில் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள், தேநீர் போதும்" என்கிறாளாம். சௌகார்பேட்டைக் கடையிலிருந்தே வாங்கிவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. சம்பந்தியாகப் போகிறவர்களுக்கு அவர்கள் தெருப் பலகாரத்தையே வாங்கி வைப்பதா என்று என் மாமியார் கோபிக்கிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பாத்திரங்களில் கறி சமைத்திருக்கிறோம். புதுப் பாத்திரம் வாங்கிச் சமைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது முறையா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மயிலைச் சமையல்காரர்

அம்மா, இதற்காகக் கலங்க வேண்டாம். திவசச் சமையலும் விரதச் சமையலும் செய்யும் ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் வெங்காயமும் பூண்டும் கையால் தொடுவதில்லை. சேனை வறுவல், சேப்பங்கிழங்கு ரோஸ்ட், மோர்க்குழம்பு, பருப்பு வடை என்று பிரமாதமாகச் செய்துவிட்டுப் போவார்கள்.

வந்தவாசி நயினார்

மேலே எழுதிய நண்பர் நல்லெண்ணத்தில் சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன நான்கில் இரண்டு கிழங்கு, மூன்றாவது வேறொரு வகையில் சிக்கல். நான் தமிழ்ச் சமணன். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்து ஊர்களில் எங்கள் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. எங்கள் மடம் மேல்சித்தாமூரில் உள்ளது. நாங்கள் திகம்பரர், உங்கள் விருந்தினர் சுவேதாம்பரர். எனவே நான் சொல்வது எல்லாமே அந்த வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளாமல், கேட்பதற்கு உதவும் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது பட்டியலை அன்று, நேரத்தை. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை எங்கள் இரு பிரிவினருக்கும் பொதுவான ஒழுக்கம்; விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியக்கூடாது என்பது அதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று. அந்தப் பெண்ணின் பெற்றோர் வெளியிடங்களில் இதைத் தளர்த்திக்கொள்பவர்களாகவே இருக்கலாம். ஆனால் பாட்டி வருகிறார் என்கிறீர்கள். அவர் சூரியன் மறைந்தபின் தண்ணீர்கூடப் பருகாதவராக இருந்தால், எட்டு மணிக்கு நீங்கள் இலை போடும்போது அவர் வெறுமனே உட்கார்ந்திருப்பார். சென்னையில் இந்த நாட்களில் ஆறு மணியையொட்டிச் சூரியன் மறைகிறது. மறைவதற்கு நாற்பத்தெட்டு நிமிடம் முன்பே உணவை முடித்துக்கொள்பவர்களும் இருப்பதால், நாலரை மணிக்குப் பரிமாறத் தொடங்கினால் ஒருவருக்கும் தவிப்பு இருக்காது.

அடுத்து இட்லி. வெளியூர்ச் சமணர்களுக்கு விருந்து வைக்கும் தமிழர்கள் பெரும்பாலும் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். இட்லியைவிடத் தூய உணவு உண்டா என்று நமக்குத் தோன்றுகிறது. இராத்திரி முழுவதும் மாவு புளிக்கிறது என்பதே அவர்களுக்குத் தடை. புளித்தது, இரவு கடந்தது ஆகிய இரண்டிலும் நுண்ணுயிர் பெருகியிருக்கும் என்று கருதுவதால், கண்டிப்பானவர்கள் இட்லியையும் தோசையையும் தொட மாட்டார்கள். உணவகத்தில் தோசை சாப்பிடும் சமண இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துப் பாட்டியை எடைபோட வேண்டாம்.

தயிர்வடைக்குத் தடை வேறு. காய்ச்சாத தயிரையோ மோரையோ பருப்போடு சேர்ப்பதை 'த்விதள்' என்று விலக்குவார்கள். தயிரை முதலில் நன்றாகச் சூடாக்கி, அதன்பின் பருப்பு சேர்த்தால் குற்றமில்லை. ஆனால் நாம் மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பை அரைத்துப் பச்சை மோரில் கரைத்த பிறகுதானே அடுப்பில் ஏற்றுகிறோம்! சாம்பார் சாதம் முடிந்து அதே தட்டில் மோர் ஊற்றிக்கொள்வதையும் சிலர் தவிர்ப்பார்கள்; தட்டையும் கையையும் கழுவிக்கொண்டு வருவார்கள். விருந்தினர் யாரேனும் அப்படி எழுந்து போனால் கோபித்துக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள்.

உருளை, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, வெங்காயம், பூண்டு எல்லாம் மண்ணுக்குள் விளைபவை. அவற்றைப் பிடுங்கினால் செடியே மடிவதோடு, அந்த ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்பதும் எங்கள் நம்பிக்கை. இஞ்சியும் பச்சை மஞ்சளும் அப்படியே. ஆனால் காய்ந்த சுக்கும் மஞ்சள் தூளும் ஆகும். வேர்க்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் அது வித்து என்பதால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். கத்திரிக்காய், காளான், தேன் ஆகியவை வேண்டாம். காலிஃபிளவரையும் முட்டைக்கோசையும் புழுவுக்கு அஞ்சிப் பலர் ஒதுக்குகிறார்கள்.

புரட்டாசி உங்களுக்கு வசதி. அவர்களுக்கோ இது சாதுர்மாசம், கார்த்திகைப் பௌர்ணமி வரை கட்டுப்பாடுகள் கூடும் மழைக்காலம். பலர் இந்த நான்கு மாதமும் கீரை வகைகளைத் தொடுவதில்லை. கொத்தமல்லித் தழையும் கறிவேப்பிலையும்கூட அதில் அடங்கும். கறிவேப்பிலை இல்லாமல் தாளிப்பது நமக்குக் கை வராது என்பது எனக்கும் தெரியும். அட்டமி, சதுர்த்தசி போன்ற திதிகளில் பச்சைக் காய்கறியே உண்ணாதவர்களும் உண்டு என்பதால், ஞாயிறு என்ன திதி என்று நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் கழிந்தால் என்ன மிஞ்சும் என்று மலைக்க வேண்டாம். பீர்க்கு, புடலை, அவரை, கொத்தவரை, வாழைக்காய், பூசணி என்று நம் தோட்டமே மிஞ்சுகிறது. மசாலுக்கு உருளைக்குப் பதில் வாழைக்காயை அவித்து மசித்துப் போடுவது அவர்கள் வீடுகளிலேயே வழக்கம். அன்றே பிழிந்த இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், எலுமிச்சை சாதம், கொத்தவரங்காய் உசிலி, பாசிப்பருப்புப் பாயசம் என்று வைக்கலாம். இட்லிக்குப் பதிலாக அடை சுடுங்கள்: பகலில் ஊறவைத்து, அரைத்தவுடன் சுட்டால் புளிப்புக்கு இடமில்லை. அதற்கு அவியல் வைக்காதீர்கள். அடையில் பருப்பு, அவியலில் தயிர். தேங்காய்ச் சட்னியும் வெல்லமும் நெய்யும் போதும்.

ஆம்பூர்க்காரன்

நான் விருந்தினன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கல்லூரி நாட்களில் ஓர் இந்து நண்பனின் வீட்டுக்குப் போனபோது, "தம்பிக்குப் பிடிக்குமே" என்று அவன் தாயார் எனக்காகவே கோழி பிரியாணி செய்திருந்தார். கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி மோர்சாதம் சாப்பிட்டேன். உண்மை அவருக்குப் பின்னால் தெரியவந்தபோது, "அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, சைவமாகவே செய்திருப்பேனே" என்று அவர் பட்ட வருத்தத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"தேநீர் போதும்" என்று அந்தப் பெண் சொல்வதும், நான் வயிற்றைக் காரணம் காட்டியதும் ஒன்றுதான். பொதுவாக "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் எந்த விருந்தினரும் "எதுவானாலும் சரி" என்றுதான் சொல்வார். அதனால் பெண்ணின் தாயாரையே அழைத்து, பொருள் பொருளாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புரசைவாக்கம் மருமகள்

ஒரு குஜராத்திச் சமணக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பாத்திரம் பற்றி மட்டும் எழுதுகிறேன். எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், போதாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரும்புத் தோசைக்கல், மண்சட்டி, மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம், காய் நறுக்கும் மரப்பலகை ஆகியவற்றில் பழைய வாசம் தங்கிவிடும். அவற்றை எங்கள் வீட்டில் ஒருபோதும் ஏற்க மாட்டார்கள். புதிதாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கியதை மறைத்து, எப்போதும் இப்படித்தான் என்பதுபோலக் காட்டிக்கொள்வதை நான் ஒப்பமாட்டேன். அவர்கள் பெண் உங்கள் வீட்டில் வாழப்போகிறவள். ஐப்பசியில் உங்கள் அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கப்போவது அவர்களுக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது. கடையில் வாங்கும் சாம்பார்ப்பொடியில் பூண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும், பூண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை பெண்ணின் தாயாரிடமே பேசிவிட்டேன். எங்கள் வீட்டில் கறி சமைப்பதைச் சொன்னதும், "பெண் முன்பே சொல்லியிருக்கிறாள், கேட்டதற்குச் சந்தோஷம்" என்றார். பெற்றோர் இருவரும் வெளியில் இட்லி சாப்பிடுவார்களாம். பாட்டி சாப்பிட மாட்டாராம். காய்ச்சிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் பருகாத அவர், அதைக் கையோடு கொண்டுவருகிறார். கழுவிய எவர்சில்வர் பாத்திரம் போதும், தோசைக்கல்லும் ஜாரும் மட்டும் புதிதாக இருந்தால் நல்லது என்றார். இரண்டையும் வாங்கிவிட்டேன். சாப்பாடு நாலரைக்கு. இரவு ஒன்பது மணிக்கு எங்களுக்குப் பசித்தால் என்ன செய்வது என்பது என் கணவரின் தற்போதைய கவலை.

நயினார் ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம்: அடைக்கு இஞ்சிக்குப் பதில் சுக்கு போடுவதானால் எவ்வளவு?

வந்தவாசி நயினார்

இரண்டு ஆழாக்கு அரிசிக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் கஷாய வாசம் வந்துவிடும். மிளகாயோடு சேர்த்தே அரைத்துவிடுங்கள்.