சிறுநீரகக் கல்லுக்குச் சிறுபீளைக் கஷாயம் குடிக்கலாமா?

செங்காட்டான்:
போன மாசம் ஸ்கேனில் 4 மி.மீ. கல் என்று வந்தது. அம்மா வரப்பில் இருந்து சிறுபீளையும் நெருஞ்சிலும் பிடுங்கி வந்து, ஒரு கைப்பிடியை நாலு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்துத் தினமும் காலையில் கொடுத்தார். பத்தாம் நாள் கல் விழுந்துவிட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே பூளைப்பூதான். இதைச் சொன்னால் டாக்டர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

டயாலிசிஸ்நர்ஸ்:
வலி போனதில் சந்தோஷம் தம்பி. ஆனால் 5 மி.மீ.க்குக் குறைவான கல் பெரும்பாலும் தண்ணீர் நிறையக் குடித்தாலே தானாக விழுந்துவிடும். என் கவலை வேறு. இதைப் படித்துவிட்டு, கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறிப்போன ஒருவர் வாழைத்தண்டுச் சாறு, இளநீர் என்று ஆரம்பித்தால்? பழுதான சிறுநீரகம் அதில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றாது, அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். அப்படி ராத்திரியில் தூக்கி வரப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மூலிகைத்தோட்டம்:
அக்கா, அது அளவும் ஆளும் தெரியாமல் குடித்ததன் கோளாறு, மூலிகையின் கோளாறு இல்லையே! கல்லடைப்பு வேறு, நீர்க்கடுப்பு வேறு என்று பிரித்துப் பார்த்துத்தான் நல்ல சித்த மருத்துவர் மருந்து கொடுப்பார். கடையில் கேட்டவுடன் கிடைக்கிற வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

டயாலிசிஸ்நர்ஸ்:
வலி மாத்திரை பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மூலிகையில் கோளாறே கிடையாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க அதே இனத்துச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. அப்புறம், நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும், கஷாயம் வைத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது.

மூலிகைத்தோட்டம்:
காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் சின்னக் கல்லுக்குச் சிறுபீளையை நான் விடமாட்டேன்.

செங்காட்டான்:
அக்கா, என் மாமாவுக்குச் சர்க்கரை, கிரியேட்டினின் 2.4. எனக்குக் கல் விழுந்ததைக் கேட்டு நேற்றுதான் அம்மாவிடம் ஒரு கட்டு வாங்கிப் போனார். இப்போதே போன் பண்ணுகிறேன்.