ரோடு அகலப்படுத்துறப்ப போன கல்லு, மண்டபம்: உங்க ஊருல என்ன நடந்தது?

தக்கலைப் பக்கம்:
சுமைதாங்கின்னா, தலைச்சுமையை இறக்கி வைக்க வழியோரம் ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு குறுக்குக்கல்லு வச்சது. எங்க ஊரு முக்குல நின்ன கல்லை எடுக்க ஜேசிபி வந்தப்ப நான் பஸ்சுக்கு நிக்கேன். மரச்சீனி விக்குற பாட்டி ஒருத்தி நேரா வந்து, யாரையும் துணைக்குக் கூப்பிடாம தலையில இருந்த கடவத்தை, அதான் ஓலைப்பெட்டியை, அந்தக் கல்லுமேல இறக்கி வச்சா. டிரைவரப் பாத்து, "இதை எடுத்துட்டா நான் எங்க மக்களே இறக்கி வைப்பேன்?"ன்னு கேட்டா. அவரு எஞ்சினை அணைச்சிட்டாரு. ஆனா மறுநாள் விடியுமுன்ன வேலை முடிஞ்சிருந்தது. குறுக்குக்கல்லு ஓடையில கிடக்கு. அதுல ரெண்டு வரி எழுத்து உண்டு, அந்தப் பக்கம் இப்ப மண்ணுக்குள்ள. யாரு பேரு அதுல இருக்குன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு அதுதான் மனசை அரிக்குது.

செங்கோட்டை மருமக:
எங்க ஊரு நுழைவு வளைவுல திருவிதாங்கூர் மகாராசாவோட சங்கு முத்திரை இன்னும் இருக்கு, பாத்திருப்பீங்க. 1956 நவம்பர் 1-லதான் நாங்க திருவிதாங்கூர்-கொச்சியிலருந்து பிரிஞ்சு மெட்ராஸ் ஸ்டேட்டோட சேந்தோம். எங்க மாமா பொறந்ததே அதுக்கப்புறம். இருந்தும் அந்த வளைவுக்குக் கீழ போறப்ப தோள் துண்டை இடுப்புல இறக்கிக் கட்டுவாரு. ஏன் மாமான்னு கேட்டேன். "எங்க ஐயா கட்டுவாவ"ன்னாரு, அவ்வளவுதான். சுமைதாங்கியும் அரமனை போட்டதுதான், அரசாங்கமே திருப்பி வைக்கணும்.

தோவாளை:
செங்கோட்டை அக்கா, அது சரியில்ல. அரமனை கட்டுனது வழியம்பலம், அதாவது வழிப்போக்கர் தங்குற மண்டபம். சுமைதாங்கி, வயித்துப்பிள்ளையோட செத்துப்போன பொண்ணுக்கு வீட்டுக்காரங்க வைக்குறது. அவ இறக்காமப் போன சுமையை வழிப்போக்கராவது இறக்கட்டும்னு. திருவிதாங்கூர் ஆளாத ராமநாதபுரத்துப் பக்கமும் நிக்குதே, அதை எந்த மகாராசா போட்டாரு? எங்க குடும்பத்துலயே ஒண்ணு உண்டு, பாட்டாவோட அக்காவுக்கு. ஆடி அமாவாசைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவோம். போன வருஷம் போனா, குறுக்குக்கல்லுல கேபிள் டிவி பெட்டியை முடுக்கி வச்சிருக்காங்க. பெட்டி நனையாம ரெண்டு காலுக்கும் மட்டும் ஊத்திட்டு வந்தேன்.

கல்குளம்:
எங்க ஊரு கல்மண்டபத்துல தூணுக்குத் தூணு சிமெண்டைப் பூசி பெயிண்டும் அடிச்சாச்சு, எழுத்து போச்சு. தக்கலை அண்ணே, நீங்க கல்லைப் புரட்டுறப்ப எழுத்துப் பக்கம் கடப்பாரை படவே கூடாது. பக்கவாட்டுல சாக்கு வச்சு நெம்புங்க. கம்பி பிரஷ், ஆசிட் வேண்டவே வேண்டாம். தண்ணியும் மெத்துன பிரஷும் போதும். ராத்திரியில டார்ச்சைக் கல்லோட ஒட்டிச் சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க, தேஞ்ச எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். வருஷம் இருந்தா பெரும்பாலும் கொல்லம் ஆண்டாத்தான், அதாவது திருவிதாங்கூருல புழங்குன ஆண்டுக்கணக்காத்தான் இருக்கும். இங்கிலீஷ் வருஷம் தெரிய அதோட 825 கூட்டுங்க, ஆவணியிலருந்து டிசம்பருக்குள்ள உள்ள மாசம்னா 824. மலையாள எழுத்தாவும் இருக்கலாம், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல மலையாளம் படிச்ச பெரியவங்களைக் கூட்டிட்டுப் போங்க. பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்துல இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பாக்குது. உங்க கல்லு அவங்க கணக்குல வராது. மனு கலெக்டருக்கும் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் போகணும், போட்டோவோட. அதுக்கு முன்ன கல்லை ஓடையிலருந்து கோயில் காம்பவுண்டுக்குள்ள ஏத்திருங்க, இல்லேன்னா யாராவது அஸ்திவாரத்துக்குக் கொண்டு போயிருவாங்க.