4294967297: 64 சரி, 128 எப்படி வந்தது?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூசன் எடுக்கிறேன். நான்காம் படிவ மாணவி ஒருத்தி 4294967297 பகா எண்ணா என்று கேட்டாள். இது 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. கணித அறிஞர் ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். கையால் பெருக்கிப் பார்த்தோம், சரியாக வருகிறது.

சிக்கல் 6700417-இல். கால்குலேட்டரின் காரணிப் பொத்தான் அதை உடைக்காமல் அடைப்புக்குறிக்குள் போட்டு நின்றுவிடுகிறது. அதன் வர்க்கமூலமான சுமார் 2588 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம், ஆனால் அவை முந்நூற்றுக்கும் மேல். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்!

அப்புறம் ஒரு குறுக்குவழி கிடைத்தது: 4294967297-இன் பகாக் காரணி எதுவும், ஆகவே 6700417-இன் பகாக் காரணியும், 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால் 2588-க்குள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே மிச்சம். வகுத்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஆக, 6700417 பகா எண்தான்.

இதில் 64 வரை விளக்கிவிட்டேன். காரணியால் வகுக்கும்போது 2-இன் 32ஆம் அடுக்கு மீதி −1, 64ஆம் அடுக்கில்தான் முதன்முறையாக மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (பகா எண் p-ஆல் வகுபடாத எண்ணின் p−1ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1), காரணியில் 1 கழித்தால் 64-ஆல் வகுபட வேண்டும். 128-இல் மாட்டிக்கொண்டேன். புத்தகம் இருபடி எச்சம் (ஓர் எண்ணின் இருபடியை வகுத்தால் வரும் மீதி) என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. அடுத்த வார வகுப்பில் சொல்லியாக வேண்டும்.

அடுக்கும் மீதியும் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, 64 ஏன் 128 ஆகிறது என்பதை எப்படிக் காட்டுவது?