புதுப்பிப்பு: அப்பாவின் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. முடிவுகள்

பெங்களூரு அல்சூரில் எங்களுடன் இருக்கும் அப்பாவின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி, பேச்சும் குழறி, சிறிது நேரத்தில் எல்லாம் தானாகச் சரியானதை முன்பு எழுதியிருந்தேன். சி.டி. ஸ்கேன் இயல்பாக இருக்கையில் எம்.ஆர்.ஐ.யும், மூளையின் மின்அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யும் எதற்கு என்றும் கேட்டிருந்தேன். இரண்டும் எடுத்தாகிவிட்டது.

சி.டி. முதன்மையாக ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான். மூளையின் ரத்தக்குழாயில் ஏற்படும் சிறிய அடைப்பின் பாதிப்பு அதில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படமோ, ரத்தம் எட்டாத திசுவில் நீர் மூலக்கூறுகளின் நகர்வு தடைபட்ட இடத்தை வெண்மையாகக் காட்டும். அறிகுறிகள் முற்றிலும் மறைந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த வெண்மை தென்படுகிறது. தென்பட்டால் அதைச் சிறு பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும் என்பது 2009இல் வந்த அமெரிக்க வரையறை. அப்பாவின் மூளையில் இடது பக்கம் மிளகளவு வெண்புள்ளி ஒன்று இருந்தது. பார்த்ததும் மனம் கலங்கிவிட்டது.

வலிப்பும் சில சமயம் இப்படியே தோன்றும் என்பதால், தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். இடது பக்க அலைகள் சற்று மந்தமாக இருந்தன. வலிப்பைக் காட்டும் கூரலைகள் இல்லை. வலிப்பு நோயாளிகளுக்கும் பதிவு இயல்பாக வரக்கூடும் என்பதால், கை வெட்டி இழுக்காமல் வலுவிழந்ததையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தே இது வலிப்பல்ல, சிறு பக்கவாதம்தான் என்ற முடிவுக்கு மருத்துவர் வந்தார்.

பக்கவாதம் மீண்டும் தாக்கும் ஆபத்து முதல் 2 நாட்களில்தான் மிக அதிகமாம். ஆகவே, சரியாகிவிட்டதே என்று யாரும் வீட்டில் தங்கிவிட வேண்டாம். அப்பாவுக்கு இப்போது ரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாட்களுக்குத் தந்திருக்கிறார்கள். கழுத்து ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும், இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் ஹோல்டர் கருவிப் பரிசோதனையும் இனிமேல்தான்.